திங்கட்கிழமை நீ வாங்கப்போகும் நகல்

மகனே,

நாளை மாலை நீ பீனிக்ஸ் பட்டறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவாய். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வழக்கம்போல் உன் மேசை இழுப்பறையைத் திறப்பாய். இந்தக் கடிதம் அங்கே இருக்கும். நான் வீட்டில் இருக்கமாட்டேன், கோவிலில் இருப்பேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இருந்திருந்தால் இருபத்தேழு வருடம் ஆகியிருக்காது. திங்கட்கிழமை காலை நீ ரோஸ் பெல்லில், நாம் லெத்தா சிவில் என்று சொல்லும் பதிவு அலுவலகத்துக்குப் போய் உன் பிறப்புப் பதிவின் முழு நகலை வாங்கப்போகிறாய். கோவிலில் தாலி கட்டுவதற்கு முன் கல்யாணத்தை அரசாங்கப் புத்தகத்தில் எழுதியாகவேண்டும் என்று நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் தகப்பனார் கேட்டிருக்கிறார். அதற்கு முழு நகல் வேண்டும். அந்தத் தாளில் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் என் பெயர் இருக்காது. யார் பெயரும் இருக்காது. ஒரு கோடு மட்டும் இருக்கும். முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தா அந்தக் கோட்டை உன் முன் நீட்டுவதற்குள் நான் உனக்குச் சொல்லிவிடவேண்டும்.

முதலில் இதைப் படித்துக்கொள். நீ என் மகன்தான். அம்மாவைப் பற்றி ஒரு நொடிகூடத் தவறாக நினைத்துவிடாதே. அந்தக் கோட்டில் அவளுடைய குற்றம் எதுவும் இல்லை. முழுக்க முழுக்க அதைப் போடவைத்தவன் நான்.

இதைத் தமிழில் எழுதுவது ஏன் என்று நீ கேட்கலாம். நீயும் நானும் வீட்டில் பேசுவது பாதிக்குமேல் கிரியோல். ஆபீஸில் முப்பது வருடம் நான் எழுதியது பிரெஞ்சு. பிரெஞ்சில் எழுதினால் என் கை தானாகவே ஒளிந்துகொள்ளும். 'மேற்படி நபர்' என்று என்னையே நான் எழுதிவிடுவேன். மூன்று தாள்கள் அப்படி எழுதிக் கிழித்துப் போட்டேன். தமிழை நீ கோவில் பள்ளியில் படித்தாய்; எழுத்து எழுத்தாகத்தான் படிப்பாய். அது நல்லதுதான். இது மெதுவாகப் படிக்கவேண்டிய விஷயம்.

நான் வேலை பார்த்த இடம் உனக்குத் தெரியும். வக்கீல் உள் அறையில் இருப்பார். அவரை எல்லாரும் மேத்ர் என்பார்கள். வெளி அறையில் என் மேசை, அதற்கு எதிரே நீளமான ஒரு பெஞ்ச். நம் தீவின் கரும்புத் தோட்டங்களில் கலகம் நடந்த வருடம் நான் அங்கே சேர்ந்தேன். அதற்குப் பிறகு அந்த பெஞ்ச் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. மேத்ரிடம் போகப் பயந்தவர்கள் எல்லாரும் என்னை 'மிசியே' என்று மரியாதையாகக் கூப்பிட்டு என்னிடம் கேட்பார்கள். பக்கத்து வீட்டு லிச்சி மரம் என் கூரைமேல் சாய்ந்தால் வெட்டலாமா? கல்யாணம் ஆகிப்போன மகளுக்கு அப்பன் நிலத்தில் பங்கு உண்டா? கைநாட்டு வைத்த பத்திரம் செல்லுமா? ஓடிப்போன புருஷன் திரும்பி வந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகலாமா? ஒருநாள் ஒரு கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "மிசியே, என் பசு தோட்டத்துக் கரும்பத் தின்னுடுச்சு. கேஸு என் மேலயா, பசு மேலயா?" என்றார். உங்கள் மேல்தான் என்றேன். "தின்னது அது. நான் ஒரு கணு கடிக்கலையே!" என்றார். "பால் யார் குடிக்கிறாங்க?" என்று கேட்டேன். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "அதுல பாதி கன்னுக்குட்டி குடிக்குது, அதையும் கேஸுல சேத்துக்குங்க" என்றார். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். அங்கே நான் வேறு மனிதன். எல்லாருடைய காரியமும் எனக்குத் தெளிவாகத் தெரியும். எந்த ஆபீஸ், எந்தக் கதவு, எத்தனை மணிக்கு, யாரைக் கூட்டிப்போகவேண்டும், எல்லாம் சொல்லுவேன். கடைசியில் ஒரே வார்த்தை சொல்லி அனுப்புவேன்: நேரில் போங்கள், ஆள் அனுப்பாதீர்கள்.

கலகம் அடங்கி ஒரு வருடம் கழித்து உன் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். கோவிலில், ஊர் கூடி, தாலி கட்டி, முறையாக நடந்த கல்யாணம். ஆனால் சாமி முன்னால் கட்டிய தாலி சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். மேத்ரின் அலமாரியில் இருந்த சட்டப்புத்தகத்தை நான் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். என் அப்பா அம்மாவுக்கும் பேப்பர் கிடையாது. அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பேச்சை எடுத்தேன். உன் அம்மாவின் அப்பா, "கோயில்ல கட்டுற தாலிய வெள்ளைக்காரன் பொஸ்தகத்துல எழுதினாத்தான் என் பொண்ணு உன் பொண்டாட்டியா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

நீ பிறந்தாய். பிறப்பைப் பதியவேண்டும். நானே பதிவு ஆபீஸுக்குள் போய், 'இது என் பிள்ளை' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். கல்யாணப் பேப்பர் இல்லாவிட்டாலும் நீ சட்டப்படி என் பிள்ளை ஆகியிருப்பாய். இதை நான் பெஞ்சில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஆபீஸின் குமாஸ்தா என்னை அறிந்தவர். வாரம் ஒருமுறை மேத்ரின் வேலையாக நான் அங்கே போவேன். அவர் முன் நின்று எனக்குக் கல்யாணப் பதிவு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் மாமாவைக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்தினேன்.

"மச்சான், பெத்தது நீங்க. நான் உள்ள போய் என்னத்தச் சொல்றது?" என்றார்.

"பேரு, தேதி, அக்கா பேரு. அது போதும். ரெண்டாவது பேரா என் பேரைச் சொல்லு."

"அப்பன் பேரு கேட்டா?"

நான் எதிரே இருந்த கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், கேட்டா?"

"கல்யாணம் பதியலைன்னு சொல்லு. அவங்களே எழுதிக்குவாங்க."

கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கோடு போட்டுட்டான்" என்றார். "ரூலர் வச்சு, நேரா." அதற்குப் பிறகு அவர் சாகும்வரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கேலி செய்வதையே தொழிலாக வைத்திருந்த மனிதர், என்னை மட்டும் கேலி செய்வதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

என் பெயரை உன் இரண்டாம் பெயராக நான் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் சின்ன நகல் போதும்; அதில் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் மட்டும்தான் இருக்கும். பார்ப்பவர்கள் அந்த இரண்டாம் பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொண்டார்கள். பள்ளியில் உன்னைச் சேர்த்தபோதும், பீனிக்ஸில் அந்தப் பட்டறையில் நீ வேலைக்குச் சேர்ந்தபோதும், பேப்பரையெல்லாம் நானே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். "பப்பா இருந்தா பேப்பர் கவலையே இல்ல" என்று நீ உன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்வாய். நீ என்னைப் பற்றிப் பெருமைப்பட்ட அந்த ஒரு காரியத்தைக் கொண்டுதான் நான் உன்னை ஏமாற்றினேன்.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது பெல் ஒம்ப்ரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் புருஷன் ஆலையில் இறந்துபோயிருந்தான். நீ அவன் மனைவியே இல்லை, தோட்டத்து வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று பிள்ளைகள். "பேப்பர் இருக்கா அம்மா?" என்று கேட்டேன்.

"தாலி இருந்துச்சு. அதையும் அன்னைக்கே கழட்டியாச்சு."

"பேப்பர் இல்லாம மேத்ர் ஒண்ணும் செய்ய முடியாதேம்மா."

"பதினோரு வருஷம் ஆக்கிப் போட்டேன் மிசியே. அது பேப்பர்ல வராதா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எந்த உள்ளர்த்தமும் இல்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்றுதான் கேட்டாள். "உங்க வீட்டம்மாவுக்கு இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"குடுத்து வச்சவங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். இத்தனை வருடத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொன்ன ஒரே பொய் அது.

அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே, "சரி, நாளைக்குப் போவோம். பையனையும் கூட்டிட்டுப் போவோம்" என்றாள். அவ்வளவு எளிதாகச் சொன்னாள். உண்மையில் அது அவ்வளவு எளிதுதான். நாங்கள் இருவரும் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு, அதே நேரத்தில் உன்னை எங்கள் பிள்ளை என்று எழுதிவைத்திருந்தால், நீ முறையான பிள்ளை ஆகியிருப்பாய். அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. ஆனால் பதிவுக் கல்யாணத்துக்கு முன் ஓர் அறிவிப்பு ஒட்டவேண்டும். இன்னார் இன்னாரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறார் என்று ஆபீஸ் வாசல் பலகையில் பல நாள் தொங்கும். ரோஸ் பெல் சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லும் நான், பத்து வருடம் குடும்பம் நடத்திய மனைவியை இனிமேல்தான் கல்யாணம் செய்யப்போகிறேன் என்று அங்கே தொங்குவேன்.

"தொங்கட்டுமே" என்றாள் அம்மா. "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். எனக்கு ரெண்டாவது கல்யாணம், அதே மாப்பிள்ளையோட. நான் வேணா பூ வச்சுக்கிட்டுப் போய் அந்தப் போர்டு பக்கத்துல நிக்கிறேன்."

நான் சிரிக்கவில்லை. என் வழக்கப்படி ஒரு திட்டம் போட்டேன். அறிவிப்பை நாம் குடியிருக்கும் ஊரில் ஒட்டுவார்கள். ஆகவே பீனிக்ஸில், நம்மை யாருக்கும் தெரியாத இடத்தில், ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, கொஞ்ச காலம் அங்கே குடியிருப்பதாகக் காட்டினால் அறிவிப்பு அங்கே தொங்கும். யாரும் கவனிக்கமாட்டார்கள். கேட்கவே சிரிப்பாக இருக்கிறதா? இதற்கு நான் வருடக்கணக்கில் அலைந்தேன். ஓர் அறை தெருவைப் பார்த்திருந்தது, வேண்டாம். இன்னோர் அறையின் சொந்தக்காரருக்கு ரோஸ் பெல்லில் சம்பந்திகள், வேண்டாம். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வீட்டுல பொஞ்சாதி இருக்காங்கன்னு சொல்றீங்க, அப்புறம் இந்த ரூம்பு யாருக்கு மிசியே?" என்று கண்ணடித்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. வருடா வருடம் காவடி முடிந்ததும் அம்மா ஒருமுறை கேட்பாள்: "உங்க பீனிக்ஸ் மாளிகை ரெடியா?" கோபமாகக் கேட்கமாட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை நான் போயிருப்பேன். இல்லை, அதையும் அவள்மேல் ஏற்றுகிறேன் பார். கோபப்பட்டிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன்.

உனக்குப் பதினேழு வயதில் அம்மா படுத்தாள். காய்ச்சல் என்றுதான் நீயும் நினைத்தாய். மூன்றாம் நாள் காலையில் டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். சாகக் கிடப்பவர்களுக்கு அறிவிப்பு ஒட்டாமலே, அதிகாரி வீட்டுக்கு வந்து கல்யாணத்தைப் பதிய வழி உண்டு, போய்க் கேட்கவேண்டும். உன்னை அம்மாவிடம் உட்காரவைத்துவிட்டுப் பதிவு ஆபீஸுக்கு ஓடினேன். அங்கே நமக்குத் தெரிந்த ஒருவர், நம் கோவில் கமிட்டிக்காரர், ஏதோ நகல் வாங்க உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழும்படி எப்படிக் கேட்பது? அவர் போகட்டும் என்று வெளியே மரத்தடியில் நின்றேன். அவர் போவதற்குள் சாப்பாட்டு நேரத்துக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். திரும்பத் திறக்கும்வரை நின்றேன். திறந்ததும் கேட்டேன். அதிகாரி நல்ல மனிதர். ஒரு கேள்விகூடக் கேட்காமல் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னோடு நடந்தார். நம் வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. அவர் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அந்த மனிதர் யார், புத்தகத்தோடு ஏன் வந்தார் என்று நீ அன்று கேட்டாய். ஆபீஸ் விஷயம் என்று சொன்னேன்.

அடுத்த நாள் இறப்பைப் பதிய நானேதான் போனேன். இந்தமுறை ஆள் அனுப்பவில்லை. பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டு அதே அதிகாரி பேனாவை நிறுத்தினார். மெல்லிய குரலில், கல்யாணமாகாதவர் என்றுதானே எழுதவேண்டும் என்று கேட்டார். ஆம் என்றேன். மஞ்சளும் குங்குமமுமாக நாம் எடுத்துப்போன உன் அம்மாவை என் வாயால் கல்யாணமாகாதவள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மகனே, பத்து வருடமாக நான் உன்னோடு சரியாகச் சாப்பிட உட்காராததற்கு வயிற்றுக்கோளாறு காரணம் இல்லை.

இப்போது உன் விஷயம். போன வாரம் நீ, "இன்னும் ஒரு மாசத்துல வெள்ளைக்காரன் கொடி எறங்கி நம்ம கொடி ஏறுது பப்பா, சட்டமும் மாறிடும், பேப்பர் அப்புறம் பாத்துக்கலாமேன்னு மாமனார்கிட்ட சொல்லிப் பாத்தேன், கேக்கலை" என்று சொன்னாய். அவர் கேட்காதது நல்லது. அந்த மனிதரை மதி. என்னிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது. எந்தக் கொடி ஏறினாலும், செத்துப்போனவளுக்கு யாரும் கல்யாணம் செய்துவைக்க முடியாது. நீ முறையான பிள்ளை என்று இனி எந்தப் புத்தகத்திலும் எழுத வழி இல்லை. அதை நான் அடைத்துவிட்டேன். அவர் நகலைப் பார்ப்பார். கோட்டைப் பார்ப்பார். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று ஒன்பது நாளாக நடுங்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லும்போது உன் குரல் மாறுவதை நான் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டால் எதையும் மறைக்காதே. இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடு. கோவில் பள்ளியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாலும் சரி. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பல வீடுகளில் இந்தக் கோடு இருக்கிறது. உன் மனைவிக்குரிய பேப்பரை அவள் கையிலேயே கொடுத்துவை. வீட்டில் ஒருவன் மட்டும் எல்லாப் பேப்பரையும் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி.

ஒரு வழி மட்டும் மிச்சம் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை, அதிகாரி முன் நின்று உன்னை என் மகன் என்று ஒப்புக்கொள்ளலாம். கோட்டை அழிக்கமாட்டார்கள், பதிவின் ஓரத்தில் எழுதுவார்கள். அதற்குப் பிறகு எடுக்கும் நகலில் அது வரும். இந்த இடத்தில், 'நீ சம்மதித்தால் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாசலில் காத்திருக்கிறேன், நீ கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்' என்று முதலில் எழுதியிருந்தேன். எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்தேன். மறுபடியும் வாசல். மறுபடியும் உள்ளே போக வேறோர் ஆள், அதுவும் நீ. அந்த வரியை அடித்துவிட்டேன். மேலே மை தடித்திருப்பது அதுதான்.

ஆகவே நான் காத்திருக்கப்போவதில்லை. கதவு திறக்கும்போது முதல் ஆளாக உள்ளே போவேன். நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்கள் காதில் விழும்படியே சொல்லுவேன். நீ என்மேல் கோபத்தில் வராமல் போனாலும், என் பெயர் உனக்கு வேண்டாம் என்று நினைத்தாலும், அந்தத் தாளில் நான் இருப்பேன். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். கேட்க எனக்கு முகம் இல்லை.

அந்த வீட்டில் சம்மதித்துவிட்டால், உங்கள் கல்யாண அறிவிப்பு அந்தப் பலகைக்கு வரும். மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே தகப்பன் பெயரும் தாயின் பெயரும் எழுதுவது வழக்கம். அம்மாவின் பெயரும் என் பெயரும் அரசாங்கத் தாளில் அடுத்தடுத்து வருவது அதுவே முதல் தடவையாக இருக்கும். அது தொங்கும் நாளெல்லாம் நான் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பேன். சந்தைக்குப் போகிறவர்கள் படிக்கட்டும்.

அப்பா